பைய ஊற்றிய குடுவை

1. காலித் தட்டு

ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தட்டு காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரே ஒரு பாக்டீரியாக் காலனி. பக்கத்திலேயே நான் போட்ட தட்டு இருந்தது. அதில் அம்மை வார்த்ததுபோலக் காலனிகள். ஒரே நாள், ஒரே கல்ச்சர், ஒரே பாட்டில் கெமிக்கல். எனக்கு வந்திருக்கிறது, நித்யா மேடத்துக்கு வரவில்லை. அவருக்கு இது இரண்டாவது தடவை.

நான் கோமதி. தச்சநல்லூர்க்காரி. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், மைக்ரோபயாலஜி துறையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காகப் பழைய அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத ஆரம்பித்ததும் முதலில் ஞாபகம் வந்தது இந்தக் காலித் தட்டுதான். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கும்.

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்.டி.ஜி. என்று ஒரு மஞ்சள் தூள் உண்டு. அதைக் கரைத்து பாக்டீரியாவுக்கு ஊற்றினால், செல்லுக்குள் போய் டி.என்.ஏ. எழுத்துகளின் மேல் மெத்தில் என்கிற சின்ன வேதித் துணுக்கை ஒட்டிவிடும். எழுத்தின் மேல் மை சிந்தினதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். மை சிந்திய இடத்தில் அது தடுமாறும், அல்லது தப்பாகப் படிக்கும். அதனால் பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பிப் பிழைத்த சிலவற்றில் எழுத்து மாறியிருக்கும். அப்படி மாறினவற்றில் கொஞ்சம், பாக்டீரியாவைக் கொல்லுகிற ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த தட்டிலும் துணிந்து வளரும். மருந்து கலக்காத சாதாத் தட்டில் எத்தனை பிழைத்தன, ஸ்ட்ரெப்டோமைசின் தட்டில் எத்தனை மாறின என்று எண்ணி எழுதினால் செய்முறை முடிந்தது.

எம்.எஸ்ஸி. வகுப்பு அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது. அதற்கு அங்கீகாரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வெளியிலிருந்து கமிஷன் வரப்போகிறது. வருகிறவர்கள் இந்தச் செய்முறையைத்தான் செய்துகாட்டச் சொல்வார்கள் என்று எங்கள் துறைத் தலைவர் சிவசைலம் சாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அத்தனை ஒத்திகை.

சார் அம்பாசமுத்திரத்துக்காரர். ரயிலில் வந்து இறங்கி நேரே லேபுக்குள் நுழைந்தால் செருப்புச் சத்தத்திலேயே அன்றைய மனநிலை தெரிந்துவிடும். அன்றைக்குச் சத்தம் பலமாக இருந்தது. இரண்டு தட்டுகளையும் பார்த்தார். நித்யா மேடத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நேராச் சொல்லு. கெமிக்கல் போட்டியா, போடலியா?"

"போட்டேன் சார். ரெண்டு தடவையும் போட்டேன்."

"போட்டா இப்படி வராதுல்லா. சாதாத் தட்டைப் பாரு, நாத்தங்கால் மாதிரி நிக்குது. சாகவே இல்ல. ஸ்ட்ரெப்டோமைசின்ல ஒண்ணும் வரல. கெமிக்கலே போடாத குடுவை எப்படி வருமோ, அப்படித்தான வந்திருக்கு?"

"எனக்கும் புரியல சார். ஆனா போட்டேன்."

நித்யா மேடம் போன பிறகு சார் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "பயந்துட்டா கோமதி. புத்துநோய் வரும்னு பாட்டில்ல போட்டிருக்குல்லா, அதப் பாத்துட்டா. கெமிக்கலைக் கழிவு வாளியில கொட்டிட்டு, குடுவையில ஊத்துனேன்னு சொல்லுதா. பயம் இருக்கட்டும், தப்பில்ல. பொய் சொல்லலாமா? கமிஷன் வாறதுக்கு முன்னால அனுப்பிருவோம்."

நித்யா மேடம் தற்காலிக விரிவுரையாளர். வேலை போனால் சென்னைக்குத் திரும்ப வேண்டும். திரும்பின வாரமே பெண் பார்க்க ஆள் வந்துவிடுவார்கள் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் பயந்தது அதற்கில்லை. "அவர் என்னைப் பொய்க்காரின்னு நெனைக்கிறார் மேடம். அதோட ஊருக்குப் போனா எங்க போனாலும் அது கூடவே வரும்," என்றார்.

2. எந்தப் பை?

அவர் முதன்முதல் என்.டி.ஜி.யைக் கையில் எடுத்த நாளைச் சொல்ல வேண்டும்.

நித்யா மேடம் புரசைவாக்கம். திருநெல்வேலிப் பேச்சு அவருக்கு ஆரம்பத்தில் பாதிதான் பிடிபடும். கடைக்காரர் "அங்கன வையிங்க" என்று அங்கே வைக்கச் சொன்னால், தன்னைத்தான் வைகிறார் என்று என் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்குக் கையுறை மாட்டி, மூக்குக்குத் துணி கட்டி, கரைசல் குழாயை எடுத்துக் குடுவை வாயில் சாய்க்கப் போனார். சாய்த்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சொட்டு கையில் தெறித்தாலும் ஆபத்தான சாமான் அது.

"மேடம், பைய ஊத்துங்க," என்றேன்.

அவர் நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போகிற கழிவுப் பை ஒன்று மூலையில் கிடந்தது. அதைப் பார்த்து, "எந்தப் பையை ஊத்தணும் மேடம்?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் ஹாலில் இருந்த மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பைன்னா கட்டைப்பை இல்ல மேடம். பைய. பையன்னா மெதுவா."

"ஓ, மெதுவாவா! சரி, சரி," என்று அவரும் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் ஆட்டோகிளேவ் சீற ஆரம்பித்துவிட்டது. பிரஷர் ஏறும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக் கூடாது. நான் ஓடிவிட்டேன். அது முடிந்து, சாமான்களையும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அவர் எல்லாம் முடித்து, பாக்டீரியாவிலிருந்து கெமிக்கலைக் கழுவக் குடுவையை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இரண்டாவது தடவையும் நான் என் குடுவையை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போன பிறகுதான் அவர் ஊற்றினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் 'பைய' என்பதை எத்தனை விதமாகச் சொல்வோம் என்று நானே அதற்கு முன் யோசித்ததில்லை. பைய வா என்றால் பத்திரமாக வா. பைய வை என்றால் உடையாமல் வை. பையப் பேசு என்றால் வெளியில் கேட்காமல் பேசு. நேரத்தைப் பற்றிய பேச்சு அதில் ஒரு பங்குதான். நானோ 'மெதுவா' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

3. சார் முன்னால் நின்ற நாள்

"ரெண்டு பேரும் ஒண்ணாச் செய்ங்க. நான் முன்னால நிக்குதேன்," என்றார் சிவசைலம் சார். நித்யா மேடத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லாமலே புரிந்தது.

குடுவைகளை ஆட்டிக்கொண்டே இருக்கிற ஷேக்கர் ஒன்றில் இரண்டு குடுவைகள். பாக்டீரியா நன்றாகப் பெருகிக் கலங்கலாக வந்ததும் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தோம். நான் குழாயைக் குடுவையின் உள் விளிம்பில் சாய்த்து, தெறிக்காமல் சரித்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை. நித்யா மேடம் குழாயைக் கையில் எடுத்தார். ஊற்றாமல் சாரைப் பார்த்தார்.

"ம், ஊத்து. என்னத்தப் பாக்க?" என்றார் சார்.

நித்யா மேடம் கண்ணை மூடிக்கொண்டு குழாயை அப்படியே கவிழ்த்துவிட்டார். பிறகு இருவரும் ஒரே நேரம் வைத்திருந்து, கெமிக்கலைக் கழுவி, கொஞ்சம் வளரவிட்டு, தட்டில் பரப்பினோம். சார் கழிவு வாளியைக்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தேன். நித்யா மேடத்தின் ஸ்ட்ரெப்டோமைசின் தட்டில் புள்ளி புள்ளியாகக் காலனிகள்! என் தட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே சொல்ல முடியாது. "மேடம், வந்துட்டு! வந்துட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வந்தால் போதும், வேலை தப்பித்தது என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

சார் தட்டைப் பார்த்தார். அவர் முகம் மலரவில்லை, இறுகிப்போயிற்று.

"பாத்தியா கோமதி. ஆள் முன்னால நின்னா வருது. ஆள் இல்லன்னா வரல. இதுக்கு மேல என்ன சொல்ல?"

எனக்கு அடித்துப் போட்டதுபோல ஆகிவிட்டது. நல்ல முடிவு வந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நித்யா மேடத்துக்கு அழுகை வரும் என்று பார்த்தேன். கோபம்தான் வந்தது.

"சார், நேத்துதான் நான் கேர்லெஸ்ஸா பண்ணேன். நீங்க நிக்கிறீங்கன்ற பயத்துல கடகடன்னு கொட்டிட்டேன். அந்த ரெண்டு நாளும் எவ்வளவு கவனமா பண்ணேன் தெரியுமா? முதுகு வலிக்க வலிக்க நின்னு பண்ணேன்."

"நல்லா இருக்கே கதை. கவனமாச் செஞ்சா வராது, கவனமில்லாமச் செஞ்சா வருமோ?"

சார் அறையை விட்டுப் போகத் திரும்பிவிட்டார். எனக்கோ வேறு ஒரு சொல் காதில் சிக்கிக்கொண்டது. கரைசலை ஊற்ற முதுகு எதற்கு வலிக்க வேண்டும்?

4. சொட்டுச் சொட்டாக

"மேடம், அந்த ரெண்டு நாளும் எப்படி ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான். பைய."

"பையன்னா?"

அவர் ஒரு காலிக் குடுவையை எடுத்தார். பிப்பெட்டில் தண்ணீரை எடுத்தார். ஒரு சொட்டு விட்டார். குடுவையை ஆட்டினார். காத்திருந்தார். இன்னொரு சொட்டு. ஆட்டினார். மறுபடியும் ஷேக்கரில் வைத்து ஆடவிட்டார். எடுத்தார். இன்னொரு சொட்டு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இப்படியேவா கடைசி வரைக்கும்?"

"ஆமா. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். எல்லாம் ஊத்தி முடிச்ச பிறகு உங்க குடுவை மாதிரியே டைம் வச்சேன். நீங்கதானே மெதுவா ஊத்தச் சொன்னீங்க?"

"ஐயோ, நான் தெறிக்காம ஊத்தச் சொன்னேன் மேடம்! இம்புட்டுப் பைய யாரு ஊத்தச் சொன்னா?"

வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். சிவசைலம் சார் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பைய ஊத்துன்னா ஒரு மணி நேரமா! நல்லா ஊத்துன போ!" என்றார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கோமதி, இங்கன வா. அப்போ இந்தப் பிள்ளை குடுவை கெமிக்கல்ல கூடுதல் நேரம்லா கெடந்திருக்கு?"

"ஆமா சார்."

"கடைசில ரெண்டு குடுவையிலயும் ஒரே அளவு கெமிக்கல். இதுல கூடுதல் நேரம். அப்போ கூடுதலாச் செத்திருக்கணும்லா? ஏன் சாகல?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அதுவரை நாங்கள் மூவரும் தேடியது தப்பு யாருடையது என்பதை. அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் தேடியது வேறு.

5. மூன்றாவது குழாய்

சார் லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. "கெமிக்கல் செத்திருக்கும். கரைச்சு வச்ச சாமான் ஒரு மணி நேரம் பிப்பெட்டுலயே கெடந்தா வீரியம் போயிருக்கும். அவ்வளவுதான்," என்றார். அது நியாயமான சந்தேகம்தான். என்.டி.ஜி. வெளிச்சத்தில் கெடுகிற சாமான்.

நித்யா மேடம் யோசித்தார். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு, "அப்ப மூணாவதா ஒரு குழாய் வைக்கலாம் சார்," என்றார். "ஒரு குடுவைக்குப் புதுசாக் கரைச்சு ஒரே தடவைல ஊத்துவோம். ரெண்டாவதுக்குச் சொட்டு சொட்டா. மூணாவதுக்கு, கரைச்ச கெமிக்கலைச் சொட்டு விட்டு முடியிற வரைக்கும் சும்மா பக்கத்துலயே வச்சிருந்து, அப்புறம் ஒரே தடவைல ஊத்துவோம். கெமிக்கல் கெட்டுப்போச்சுன்னா மூணாவதுலயும் சாகக் கூடாது."

சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் முன்பிருந்த கடுகடுப்பு இல்லை. "செய்," என்றார்.

அன்றைக்கு லேபில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன். ஷேக்கர் நின்றால் எல்லாம் பாழ். கரண்ட் போகவில்லை. சொட்டு விடுகிற வேலையை மூவரும் முறை வைத்துச் செய்தோம். சார்கூடச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்று சொட்டு விட்டார். "இது என்னடே, சிவன் தலைக்கு மேல தாராபாத்திரம் தொங்குத மாதிரில்லா இருக்கு," என்றார். அவரையும் வேலை பிடித்துக்கொண்டது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் தட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒரே தடவையில் ஊற்றின முதல் குடுவை: சாதாத் தட்டில் கொஞ்சம்தான் பிழைத்திருந்தன, ஸ்ட்ரெப்டோமைசின் தட்டில் நிறைய மாறியிருந்தன. சொட்டுச் சொட்டாக ஊற்றினது: சாதாத் தட்டில் அடர்த்தியாக நின்றன, ஸ்ட்ரெப்டோமைசினில் விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்றாவதை நித்யா மேடம் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க சொல்லுங்க மேடம்," என்றார்.

மூன்றாவதில் செத்திருந்தன. முதல் குடுவை மாதிரியேதான். கெமிக்கல் கெடவில்லை!

"அப்போ மாறினது கெமிக்கல் இல்ல," என்றார் நித்யா மேடம். "பாக்டீரியா மாறியிருக்கு."

சார் விடவில்லை. பாக்டீரியாக் கூட்டத்தில் பிறவியிலேயே முரட்டுப் பிள்ளைகள் சில இருந்திருக்கும், சொட்டு விடும்போது மற்றவை செத்து, முரடுகள் மட்டும் பெருகியிருக்கும் என்றார். அதையும் பார்த்தோம். சொட்டு விட்டதில் பிழைத்தவற்றை எடுத்து, கெமிக்கல் இல்லாத சத்துநீரில் நன்றாக வளரவிட்டு, திரும்ப ஒரே தடவையில் ஊற்றினோம். முரடுகளாக இருந்தால் தாக்குப்பிடித்திருக்கும். தாக்குப்பிடிக்கவில்லை. எப்போதும்போல விழுந்தன.

அந்தத் தட்டைப் பார்த்ததும் சிவசைலம் சார் வராந்தாவுக்கே ஓடிவிட்டார். எதிரே வந்த இயற்பியல் வாத்தியாரைப் பிடித்து நிறுத்தி, "கத்துக்கிட்டு வே! கொஞ்சமாக் குடுத்தா பாக்டீரியா சமாளிக்கக் கத்துக்கிட்டு! சும்மா விட்டா மறந்துட்டு!" என்று கத்தினார். அவரோ ஒன்றும் புரியாமல், "சந்தோசம் வே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த சார், நித்யா மேடத்தின் முன்னால் நின்றார். "உன்னைப் பொய்க்காரின்னு நெனைச்சேன். கோமதிகிட்ட சொல்லவும் செஞ்சேன். நான் நெனைச்சது தப்பு. மனசுல வச்சுக்கிடாத," என்றார். நித்யா மேடத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எனக்கும் வந்தது. சார் ஜன்னல் வழியாக ஏதோ பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

6. கமிஷன்

கமிஷன் வந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் வயதான பேராசிரியை. தலை முழுக்க நரை, காலில் கேன்வாஸ் ஷூ. மற்ற இருவரும் நாற்காலி, மேஜை, ஃபேன் என்று எண்ணிக்கொண்டிருக்க, இவர் நேரே தட்டுகளிடம் வந்துவிட்டார். சார் நித்யா மேடத்தை முன்னால் தள்ளினார். "நீயே சொல்லும்மா."

நித்யா மேடம் மூச்சு விடாமல் சொன்னார். சொட்டு, மூன்றாவது குழாய், முரடுகளா என்று பார்த்த கதை, எல்லாம். பேராசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாக மாறிக்கொண்டே போனது.

"அழகு! ரொம்ப அழகு!" என்றார். பிறகு, "இது தெரிஞ்ச விஷயம்தான், உங்களுக்குத் தெரியுமா? ரொம்ப வருஷம் முன்னாலேயே வெளிநாட்டுல கண்டுபிடிச்சுட்டாங்க. பாடப் புத்தகத்துலயே வந்தாச்சு," என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சார் முகத்திலும் ஈயாடவில்லை. உலகத்தில் யாருக்குமே தெரியாததை நாங்கள் பிடித்துவிட்டோம் என்று மூவரும் மனசுக்குள் கோட்டை கட்டியிருந்தோம் போலிருக்கிறது. நித்யா மேடம் மட்டும், "அப்ப காரணம் தெரியுமா மேடம்? சொல்லுங்களேன்!" என்று அவர் கையையே பிடித்துவிட்டார்.

பேராசிரியை சாக்பீஸை எடுத்தார். அன்றைக்கு அவர் சொன்னதை என் சொல்லில் தருகிறேன். செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. டி.என்.ஏ. மேல் ஒட்டின அந்த மெத்தில் துணுக்கை அது பிடுங்கி எடுக்கும். பிடுங்கி வெளியே எறியாது. தன் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது ஒட்டினதுதான், கழற்ற முடியாது. அந்தப் புரதத்தின் ஆயுள் ஒரே ஒரு பழுதோடு முடிந்தது. சாதாரணமாக ஒரு செல்லில் இப்படிப்பட்டவை கொஞ்சம்தான் இருக்கும். ஒரே தடவையில் கெமிக்கலைக் கொட்டினால் எல்லாம் தீர்ந்துபோய்ச் செல் மாட்டிக்கொள்ளும்.

"ஆனா கொஞ்சமாக் குடுத்தா?" என்றார் பேராசிரியை. "துணுக்கைத் தன் மேல ஒட்டிக்கிட்ட புரதம் சும்மா கிடக்காது. தன்னை உண்டாக்குற ஜீன் இருக்கிற இடத்துக்கே போய் உக்காந்து, அதை முடுக்கி விடும். இன்னும் என்னை மாதிரி நிறையப் பண்ணுன்னு. அடுத்த சொட்டு வர்றதுக்குள்ள செல் முழுக்க ஆள் தயாரா நிக்கும்."

"சாகும்போதே ஆள் கூப்பிட்டுட்டுத்தான் சாகும் போல," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கமிஷன் முன்னால் நான் பேசலாமா என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேராசிரியை திரும்பி, "அதேதான்!" என்றார். எனக்கு அந்த ஒரு சொல் இன்று வரைக்கும் இனிக்கிறது.

நித்யா மேடம் அதோடு நிற்கவில்லை. "மேடம், இந்தக் கெமிக்கல் ஆர்.என்.ஏ.லயும் ஒட்டும்ல? அதை யார் பழுது பாக்குறாங்க?"

"நல்ல கேள்வி. ஆர்.என்.ஏ. நகல்தானே, கெட்டுப்போனா உடைச்சுப் போட்டுட்டுப் புதுசு பண்ணிக்கும்னு நெனைக்கிறோம். பழுது பாக்குறதா யாருக்கும் தெரியல." கூடவே, "தெரியலன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல," என்றார்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பல வருஷம் கழித்து, அதே புரதத்தோடு சேர்ந்தே முடுக்கப்படுகிற இன்னொரு புரதம் டி.என்.ஏ.வையும் பழுது பார்க்கும், ஆர்.என்.ஏ.வையும் பழுது பார்க்கும் என்று வெளியே வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

கடைசியாகப் பேராசிரியை கேட்டார். "இதைப் படிச்சுட்டுத்தானே செஞ்சீங்க?"

"இல்ல மேடம். பைய ஊத்தச் சொன்னாங்க, ஊத்துனேன்," என்றார் நித்யா மேடம். 'பைய'வுக்கு அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

7. அடுத்த இன்டர்வியூ

அங்கீகாரம் கிடைத்தது. நித்யா மேடத்தை நிரந்தரமாக்கச் சார் நிர்வாகத்திடம் போய் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி வந்தார். வாங்கி வந்த அன்றைக்கே நித்யா மேடம் வேலையை விடப்போவதாகச் சொன்னார். பேராசிரியை தன் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்ய அழைத்திருக்கிறார். பழுது பார்க்கும் புரதங்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி.

"நான் உன்னை அனுப்ப நெனைச்சப்ப போக மாட்டேன்னு நின்ன. வச்சுக்கிடணும்னு நெனைச்சா கெளம்புதியே," என்றார் சார். அவருக்குத் தாங்கவில்லை. எனக்கு மட்டும் தாங்கியதா? சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. நானும் இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் என்று ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஜங்ஷனில் வழியனுப்பும்போது, "ஏதாச்சும் தப்பா வந்தா எனக்கு எழுதுங்க மேடம். சரியா வந்ததை எழுத வேண்டாம்," என்றேன். அவர் அப்படியேதான் எழுதினார்.

லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, இதிலிருந்து நான் படித்தது ஒன்றுதான். ஒரு கைக்கு வருவது இன்னொரு கைக்கு வரவில்லை என்றால், உடனே அந்தக் கையைக் குறை சொல்லாதீர்கள். அது என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். சொன்னால் போதாது, செய்துகாட்ட வேண்டும். நித்யா மேடம் அந்தப் பிப்பெட்டை எடுத்துச் செய்துகாட்டியிருக்காவிட்டால், ஒரு நல்ல விஞ்ஞானியைப் பொய்க்காரி என்று பட்டம் கட்டி ரயில் ஏற்றியிருப்போம்.

சார் படித்தது என்ன என்று எனக்கு அடுத்த இன்டர்வியூவில் தெரிந்தது. நித்யா மேடத்தின் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பையன் போனான். கோட்டு, டை, தங்கப் பதக்கம் எல்லாம் உண்டு. சார் பாடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நீ செஞ்சதுல எது தப்பா வந்துச்சு? அதச் சொல்லு," என்றார்.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எதுவும் தப்பா வந்தது இல்ல சார். எல்லாமே கரெக்டா வந்திருக்கு."

சார் அவனை அனுப்பிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த ஆளை உள்ளே விடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"இவன்தான் கோமதி பொய் சொல்லுதான்," என்றார்.